பினாங்குத் தீவை மோட்டாரில் ஒரே நாளில் சுற்ற: கடல் எங்கே தெரியும், பிரேக் எங்கே சூடாகும்

கிள்ளானிலிருந்து வந்து கோலாலம்பூர் சென்ட்ரலில் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் ஜார்ஜ்டவுனுக்குக் கடந்து, வாடகைக்கு ஒரு 125 சிசி வண்டி எடுத்து, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் தீவைச் சுற்ற வேண்டும், முழுக்கக் கடலோரமாகவே போக வேண்டும், அவசரமே கூடாது. எந்தப் பக்கம் தொடங்கலாம், எத்தனை மணி நேரம் ஆகும்? இதுதான் உங்கள் கேள்வி. மணிக்கணக்குக்குப் பதில் எளிது. தீவைச் சுற்றும் கூட்டரசுச் சாலை 6 ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். சிக்கல் ‘முழுக்கக் கடலோரமாக’ என்று நீங்கள் எழுதியதில்தான் இருக்கிறது. வரைபடத்தில் சாலை தீவின் விளிம்பை ஒட்டிப் போவதுபோலத் தெரியும். வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலான தூரம் கடல் கண்ணில் படாது.

தஞ்சோங் தோக்கோங் தாண்டி தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் வரை கடல் அடிக்கடி பக்கத்திலேயே வரும். தெலுக் பஹாங் வட்டச் சந்திப்போடு அது முடிந்தது. தீவின் வடமேற்கு மூலை முழுக்கத் தேசியப் பூங்கா; அங்கே வண்டிச் சாலையே கிடையாது. அதனால் சாலை இடப்பக்கம் திரும்பி, அணையைக் கடந்து, மலை ஏறி, டுரியான், ஜாதிக்காய்த் தோட்டங்கள் ஊடாக சுங்கை பினாங்கிலும் பாலிக் புலாவிலும் இறங்குகிறது. மேற்குக் கரையில் கடலுக்கும் சாலைக்கும் இடையே வயலும் நீப்பா பனையும் அலையாத்திக் காடும் கிடக்கின்றன. பிறகு கெந்திங் குன்று. அதைத் தாண்டி தெலுக் கும்பாரில் கொஞ்ச நேரம் கடல். அப்புறம் விமான நிலையம், தொழிற்சாலைகள், விரைவுச்சாலை. மொத்தத்தில் 70 கிலோமீட்டரில் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தாராளமாகக் கணக்கிட்டாலும் 15 கிலோமீட்டர்தான். மிச்சக் கடலைப் பார்க்க பிரதான சாலையை விட்டுச் சந்துகளுக்குள் இறங்க வேண்டும். பந்தாய் ஆச்சே, கோலா சுங்கை பினாங், பாசீர் பாஞ்சாங், கெர்தாக் சங்குல் எல்லாமே முட்டுச் சந்துகள்; போன வழியே திரும்ப வேண்டும். இவற்றில் மூன்றுக்குப் போனாலே 35 கிலோமீட்டர் அளவில் கூடும். ஆகவே உங்கள் பயணம் 70 கிலோமீட்டர் என்று திட்டமிடாதீர்கள். 105, 110 என்று வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

எந்தப் பக்கம் தொடங்குவது என்பதில் இங்கே இரண்டு கட்சி உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஜெலுத்தோங், பாயான் லெப்பாஸ் வழியாகத் தெற்கே போய், மேற்கே சுற்றி, பத்து பெரிங்கி வழியாகத் திரும்பினால் கடல் எப்போதும் இடக்கைப் பக்கமாக வரும். கரையில் நிறுத்தச் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. இந்த வாதம் சரியானதே. ஆனாலும் என் ஓட்டு மறுபக்கத்துக்குத்தான்: காலையில் வடக்கே கிளம்புங்கள். காலை ஏழு, எட்டு மணிக்கு பத்து பெரிங்கிச் சாலை காலியாக இருக்கும். அதே சாலை சனி, ஞாயிறு மாலையில் தஞ்சோங் பூங்கா வரை ஊர்ந்துகொண்டிருக்கும். மலைப்பகுதியையும் நண்பகலுக்குள் தாண்டிவிடலாம். பிற்பகல் இடிமழை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, வடகரையில் கடல் வலக்கைப் பக்கம் இருப்பது. அழகான இடம் கண்ணில் பட்டதும் வளைவின் நடுவில் வலப்பக்கச் சிக்னல் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பின்னால் வரும் பேருந்துக்கு அங்கே ஒதுங்க இடமில்லை. கொஞ்சம் தள்ளி இடப்பக்கம் ஒதுங்கி, சாலை இரு பக்கமும் காலியான பிறகு கடந்து போங்கள்.

வடகரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாலை குறுகல், ஓரத்தில் ஒதுங்க இடம் கிடையாது, 101 எண் பேருந்து அடிக்கடி வரும், ஹோட்டல் வாசல்களிலிருந்து வண்டிகள் திடீரென்று வெளியே வரும். 40, 50 கிலோமீட்டர் வேகம் போதும். கிளம்புவதற்கு முன்பே லிட்டல் இந்தியாவில் பசியாறிவிடுங்கள். தெலுக் பஹாங் தாண்டினால் தோசை, இட்லியை எதிர்பார்க்க முடியாது. தெலுக் பஹாங்கில் சிங்கமுகக் காளியம்மன் கோயில் இருக்கிறது. மாசி மகத்தன்று கடலில் தெப்பம் விடுவார்கள். அன்று அந்தச் சிற்றூர் முழுக்கக் கூட்டம். அதற்காகவே வருகிறவர்கள் தீவு சுற்றுவதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். தேசியப் பூங்காவுக்கும் இதையே சொல்வேன். 2003இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவுக்குள் நடந்தோ படகிலோதான் போக முடியும். பந்தாய் கெராச்சுட் வரை நடந்து திரும்ப அரை நாள் போய்விடும். நடந்து களைத்த காலோடு மலை இறங்குவது நல்லதல்ல.

இனி கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. வட்டச் சந்திப்புக்கு முன்பே பெட்ரோல் ஊற்றிவிடுங்கள். பாலிக் புலாவ் போய்ச் சேரும் வரை பம்பை நம்பாதீர்கள். கப்சாய் எனப்படும், கிளட்ச் லிவர் இல்லாத சின்னக் கியர் வண்டிகளின் டேங்க் பெரும்பாலும் நான்கு, ஐந்து லிட்டர்தான். லிட்டருக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கும் என்றாலும், இரண்டு பேரோடு மலை ஏறும்போது அந்தக் கணக்கு குறையும். ஏற்றத்தில் நாலாம் கியரில் இன்ஜினைத் திணறவிடாதீர்கள். சத்தம் கனக்கத் தொடங்கியதுமே மூன்று, வளைவு இறுகினால் இரண்டு. சாலை ஓரத்தில் பல இடங்களில் திறந்த கால்வாய். அதை ஒட்டி ஈர இலையும் பாசியும் கிடக்கும். அதனால் முழுக்க ஓரம் கட்டி ஓட்டுவது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். உங்கள் தடத்தின் நடுவுக்குச் சற்று இடமாக இருங்கள். வலப்பக்க வளைவில் வண்டி சாயும்போது சக்கரம் உங்கள் தடத்தில் இருந்தாலும் தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விடும். எதிரே வரும் கார் கோட்டை ஒட்டி வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வலப்பக்க வளைவுகளில் வழக்கத்தைவிட ஒரு முழம் இடப்பக்கமாகவே நுழையுங்கள். சனி, ஞாயிறு காலையில் சைக்கிள் குழுக்கள் இந்த ஏற்றத்தை நிறைத்துக்கொண்டு போகும்; குருட்டு வளைவில் அவர்களை முந்தாதீர்கள்.

தித்தி கெராவாங்கில் அருவியும் பழக்கடைகளும் இருக்கின்றன. வறண்ட மாதங்களில் அருவி மெலிந்து போயிருக்கும். ஜாதிக்காய்ச் சாறு எப்போதும் கிடைக்கும். நிறுத்த இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை. காரணம் அருவி அல்ல. இதற்குப் பிறகு இறக்கம், இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் பத்து நிமிட ஓய்வு தேவை. ஹேண்டிலில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுப் போகாதீர்கள். குரங்குக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது பொருட்டில்லை, பை இருந்தால் போதும்.

இறக்கத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே விதம். பழக்கமில்லாதவர் நாலாம் கியரிலேயே விட்டு, பின் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில், இரண்டு பேர் எடையோடு சில நிமிடம் இப்படி இறங்கினால் உள்ளே சூடு ஏறி லைனிங்கின் பிடி குறையும். மிதி ஆழமாக இறங்கும், வண்டி நிற்காது. டிஸ்க் பிரேக்கும் விதிவிலக்கல்ல. பிரேக் எண்ணெய் பழையதாகி ஈரம் கலந்திருந்தால் சூட்டில் ஆவிக்குமிழ் உண்டாகி லிவர் பஞ்சுபோல அமுங்கும். செய்ய வேண்டியது இதுதான்: இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாம் கியர், வளைவு நெருக்கமாக இருந்தால் இரண்டாம் கியர். த்ராட்டிலை மூடி இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கை வளைவுக்கு முன்பு இரண்டு, மூன்று விநாடி அழுத்தமாகப் பிடித்து முழுக்க விடுங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டே போகாதீர்கள். கப்சாயில் இன்னொரு நுணுக்கம். கிளட்ச் லிவர் இல்லாத அந்த வண்டிகளில் கியர் மிதியை அழுத்தியிருக்கும் வரை கிளட்ச் பிரிந்தே இருக்கும். கியரைக் குறைத்துவிட்டுக் காலை மிதியிலேயே வைத்திருந்தால் இன்ஜின் பிடிக்காது, வண்டி சறுக்கிக்கொண்டு வேகமெடுக்கும். மிதித்துக் குறைத்ததும் காலை மெல்ல விடுங்கள்.

ஸ்கூட்டர் எடுத்தால் கதை வேறு. த்ராட்டிலை முழுக்க மூடி வேகம் மிகவும் குறைந்துவிட்டால் அதன் கிளட்ச் தானாகப் பிரியும். இன்ஜின் பிடி முற்றிலும் போய்விடும். அப்போது ஒரு துளி த்ராட்டில் கொடுத்து மறுபடி பிடிக்க வைத்துவிட்டு மூட வேண்டும். இதனால்தான் இரண்டு பேர் போவதென்றால் இந்தச் சாலைக்கு ஸ்கூட்டரைவிடக் கியர் உள்ள கப்சாயே மேல் என்கிறேன். கருகிய வாடை வந்தாலோ லிவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ ஓரம் கட்டிப் பத்து, பதினைந்து நிமிடம் நில்லுங்கள். சூடான டிஸ்க்கிலோ டிரம்மிலோ தண்ணீர் ஊற்றக் கூடாது, உலோகம் கோணிவிடும்.

சுங்கை பினாங் இறங்கியதும் அவசரம் இல்லாத பயணம் உண்மையாகத் தொடங்குகிறது. வலப்பக்கம் பிரியும் கம்பத்துச் சாலைகள், அதாவது கிராமத்துச் சாலைகள், இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஆற்று முகத்துக்குக் கொண்டுபோகும். கோலா சுங்கை பினாங்கில் மீன்பிடிப் படகுகள், உலரும் வலைகள், மரப்பலகைத் துறைகள். பலகைமேல் வண்டியை ஏற்றாதீர்கள். அது நடப்பதற்குப் போட்டது. மணற்கரையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே. கடல் வற்றினால் இங்கே தெரிவது சேறு. குளிக்கும் இடமும் அல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய கடல் ஏற்றத்தில் இப்படிப்பட்ட தாழ்வான சந்துகளில் கடல்நீர் ஏறலாம். உப்புத் தண்ணீரில் வண்டியை ஓட்டினால் சங்கிலியும் சக்கர பேரிங்கும் பாழாகும். தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள். சுங்கை பூரோங் பக்கம் வயல்களுக்கு நடுவே போகும் சாலைகள் நேராக, தட்டையாக இருக்கும். இரு பக்கமும் வாய்க்கால். உள்ளூர்ப் பையன்கள் இதே சாலையில் 80இல் பறப்பார்கள். நீங்கள் 30இல் போங்கள். நாய்களும் கோழிகளும் சிக்னல் போட்டுவிட்டுக் கடப்பதில்லை.

பகல் சாப்பாடு பாலிக் புலாவில். லக்சா எனும் நூடுல்ஸ் குழம்புக்குப் பெயர் போன ஊர். ஆனால் அசாம் லக்சாவின் குழம்பே மீனில்தான் செய்கிறார்கள், மேலே இறால் விழுதும் ஊற்றுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் காலையிலேயே ஒரு பொட்டலம் கட்டிக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமையானால் பகல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல்களைச் சுற்றி இரு பக்கமும் வண்டி நிறுத்தியிருப்பார்கள். ஒன்றரை, இரண்டு மணி வரை பொறுத்துக் கிளம்பலாம். ஜூன், ஜூலையை ஒட்டிய டுரியான் காலத்தில் மலைச்சாலை நெடுகக் கார்கள் ஓரம் கட்டி நிற்கும். திடீரென்று கதவு திறக்கும் என்று எதிர்பார்த்தே ஓட்டுங்கள். களைப்பாகிவிட்டாலோ வானம் கறுத்தாலோ பாலிக் புலாவிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக ரெலாவ் பக்கம் இறங்கி நகரத்துக்கு வந்துவிடலாம். வழியில் அஞ்சோங் இண்டாவில் நின்றால் பாலிக் புலாவ் சமவெளி முழுக்கத் தெரியும். ஆனால் அதுவும் செங்குத்தான மலைச்சாலைதான். கனமழைக்குப் பிறகு இந்தத் தீவின் மலைச்சாலைகளில் மண் சரிவது புதிதல்ல. 2017 நவம்பர் 4, 5 தேதிகளின் பெருமழையை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. எந்தச் சாலை மூடியிருக்கிறது என்பதை வரைபடச் செயலியைவிடப் பெட்ரோல் நிலையத்தில் நிற்கும் உள்ளூர்க்காரர் சரியாகச் சொல்வார்.

பாலிக் புலாவிலிருந்து தெற்கே வந்து கெந்திங்கில் வலப்பக்கம் பிரிந்தால் புலாவ் பெத்தோங், அதற்கும் அப்பால் பாசீர் பாஞ்சாங். நீங்கள் தேடும் மணற்கரை மேற்குப் பக்கத்தில் இதுதான். நீளமான, வார நாள்களில் ஆள் குறைந்த கரை. கடல் திறந்த கடல். உயிர்காப்பாளரை நம்பி இறங்க முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பினாங்கில் உயிர்ச்சேதம் நடந்த கரைகளில் இதுவும் ஒன்று. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பினாங்குக் கடலில் ஜெல்லிமீன் தொல்லையும் உண்டு. மணலில் பக்கவாட்டு ஸ்டாண்டு புதைந்து வண்டி சாயும். தட்டையான கல்லோ நசுக்கிய டின்னோ அடியில் வையுங்கள். திரும்பும் சந்தில் விளக்கு குறைவு. இருட்டுவதற்கு முன் வெளியே வந்துவிடுங்கள்.

அங்கிருந்து கெந்திங் குன்றைத் தாண்டி தெலுக் கும்பார். அங்கே வலப்பக்கம் திரும்பி நாலைந்து கிலோமீட்டர் போனால் கெர்தாக் சங்குல், சாலை அங்கேயே முடிகிறது. மாலையை இங்கே கழிக்கலாம். பினாங்கில் சூரியன் மறைவது ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்கு மேல், ஏழே முக்காலுக்குள். அதன் பிறகு கிளம்பினால் ஒரு லாபமும் உண்டு: வார நாள்களில் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை விட்டு ஆயிரக்கணக்கான மோட்டார்கள் ஒரே நேரத்தில் வெளியே வரும், அந்த நெரிசல் உங்களுக்கு வேண்டாம். தெலுக் கும்பாரிலிருந்து நகரம் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், விளக்குள்ள சாலை. பெர்மாத்தாங் டாமார் லாவுட் கரையோரமாகச் சுற்றிப் போகலாமா என்றால், போகலாம். ஆனால் அந்தப் பக்கக் கடலில் 2023 முதல் செயற்கைத் தீவுக்காக மண் கொட்டி நிரப்பும் வேலை நடக்கிறது. பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள்.

மாதம் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பாதிப் பயணம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபர் மிக ஈரமான மாதங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. இதெல்லாம் ஓரளவு உறுதி. உறுதியில்லாதது, தென்மேற்குப் பருவக் காலத்தில் சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரும் காற்றுமழை. முந்தின இரவு வானம் தெளிவாக இருந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது. அப்படி வந்தால் இரண்டு மணி நேரம் தாமதித்துக் கிளம்புங்கள், பெரும்பாலும் அதற்குள் ஓய்ந்துவிடும். மழை தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில்தான் சாலை மிக வழுக்கும். எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வரும். வெயிலுக்கு நம்மூர் வழக்கமே போதும்: மெல்லிய காற்றுச் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொள்வது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

வண்டி எடுக்கும்போது ஐந்து நிமிடம் கறாராக இருங்கள். டயரில் காற்று: இந்த வகைக் கப்சாய்களுக்கு முன்னால் 200, பின்னால் தனியாக 225, இரண்டு பேருக்கு 280 கிலோபாஸ்கல் என்பது பொதுவான அளவு. சங்கிலி மூடியில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் வண்டிக்கு உரியது இருக்கும், அதுவே கடைசி வார்த்தை. நகரத்தில் தனியாக ஓட்டுவதற்கு வைத்த காற்றோடு இரண்டு பேர் மலை இறங்கினால் வளைவில் பின்பக்கம் ஆடும். சங்கிலியை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். மூன்று சென்டிமீட்டர் அசைந்தால் சரி, சங்கிலி மூடியில் தட்டும் அளவு தொய்ந்திருந்தால் இறுக்கித் தரச் சொல்லுங்கள். முன் பிரேக் லிவரை இறுக்கிப் பிடித்து பத்து எண்ணுங்கள். மெல்ல உள்ளே போனால் அந்த வண்டி வேண்டாம். கம்பிச் சக்கரமானால் உள்ளே ட்யூப் இருக்கும், ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ட்யூப்லெஸ் டயர் உள்ளதைக் கேட்டு வாங்கினால் ஒட்டுக் குச்சியும் சின்னப் பம்பும் போதும். ஞாயிற்றுக்கிழமை கம்பத்துப் பட்டறைகளில் பல மூடியிருக்கும்.

காகிதங்களில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். தனிப்பட்ட உபயோகத்துக்கு எடுத்த காப்புறுதி வாடகைக்கு விட்ட வண்டிக்குப் பொதுவாகச் செல்லாது. காப்புறுதித் தாளைக் காட்டச் சொல்லி அதில் வாடகை என்று இருக்கிறதா என்று பாருங்கள். காட்டத் தயங்கும் கடையைவிட்டு வெளியே வாருங்கள். உங்களிடம் பி2 உரிமம் இருந்தால் 250 சிசி வரை ஓட்டலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்து இதே கேள்வியைக் கேட்கிறவர்கள், மோட்டார் சைக்கிள் பிரிவு உள்ள அனைத்துலக ஓட்டுநர் அனுமதியோடுதான் வர வேண்டும். அசல் கடப்பிதழை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பணமாக முன்வைப்பு கொடுங்கள். இரண்டு தலைக்கவசத்திலும் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை இருக்கட்டும், முன்விளக்கு பகலிலும் எரியட்டும்.

வாடகை வேண்டாம், சொந்த வண்டியிலேயே கிள்ளானிலிருந்து வந்துவிடலாமா என்று பின்னால் யோசித்தால்: 2019 ஜனவரி 1 முதல், தீவை நிலப்பகுதியோடு இணைக்கும் இரண்டு பாலங்களிலும் மோட்டாருக்கு டோல் இல்லை. ஃபெரியும் மோட்டாரை ஏற்றிக்கொள்ளும். இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேலே மட்டும் 17 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மழைக்கு முந்தைய காற்றில் கப்சாய் பக்கவாட்டில் தள்ளாடும். பின்னால் ஆள் இருந்தால் இன்னும் அதிகம். மேகம் திரளும்போது அதில் ஏறுவதைவிட பட்டர்வொர்த் போய் ஃபெரி பிடிப்பது நல்லது.